இடது பக்கத்து டிரம்

ரபாயேல் தன் பெடலை யாரையும் தொட விடமாட்டான். கல்யாண வீட்டில் கச்சேரி முடிந்ததும் மற்றவர்கள் சோற்றுப் பந்திக்குப் போய்விடுவார்கள். இவன் மட்டும் மேடையில் குந்தியிருந்து இரண்டு பெடலையும் கழற்றி, சங்கிலியை எண்ணெய்த் துணியால் துடைத்து, சாக்குப் பையில் போட்டு வாயைக் கட்டிக்கொண்டுதான் கை கழுவப் போவான். சாப்பிடும்போதும் அந்தப் பை அவன் கால்களுக்கு நடுவிலேயே இருக்கும்.

அவை அவனே செய்த பெடல்கள். உக்குவளை ஸ்டேசன் ரோட்டில் அவனுக்குச் சயிக்கிள் கடை. பழைய சயிக்கிள் சங்கிலி, பல்லுச் சக்கரம், கதவு ஸ்பிரிங், ஒரு இரும்புத் தகடு. காலால் தகட்டை மிதித்தால் சங்கிலி இழுக்கும், ஒரு சிறிய சுத்தியல் போய் டிரம் தோலில் விழும், ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். நிலத்தில் நிற்கிற பெரிய பேஸ் டிரம்மை அப்படித்தான் அடிப்பார்கள். மாத்தளைப் பக்கத்தில் மற்ற டிரம்காரர்களுக்கு அது ஒன்றுதான். ரபாயேலுக்கு இரண்டு. வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று. வேகமான பாட்டில் அவன் காலைப் போட்டால் ரயில் பாலத்தில் ஏறுகிற மாதிரி விடாமல் சத்தம் ஓடும். இழவு வீட்டிலிருந்து நேரே வந்தவன்கூட எழும்பி ஆடுவான்.

பேண்ட் கோஷ்டியின் தலைவர் கிறிஸ்தோபர் மாஸ்டர். ஓர்கன் வாசிப்பார். அவர்தான் 'இரட்டை டிரம் ரபாயேல்' என்று போஸ்டர் அடித்தார். அது ரபாயேல் இரண்டாவது டிரம்மை வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத நேரம்.

அங்கேதான் வினை. இடது கால் வேலை செய்யவில்லை. ரபாயேல் கடையைச் சாத்திவிட்டுப் பழகிப் பார்த்தான், விடியக் காலையில் பழகிப் பார்த்தான். வலது கால் சொன்னதைச் செய்தது. இடது கால், கூப்பிட்டால் பிந்தி வந்து நிற்கிற வேலைக்காரன் மாதிரி. போஸ்டரோ உக்குவளையிலிருந்து மாத்தளை வரை எல்லாச் சுவரிலும் ஒட்டியாகிவிட்டது.

அப்போதுதான் வலது காலில் ஒரு வழி கண்டுபிடித்தான். பாதத்தின் நடுவால் ஒரு மிதி. காலைத் தூக்காமல் அப்படியே முன்னால் வழுக்கி, பெருவிரலின் அடியால் இன்னொரு மிதி. ஒரு காலை ஒரு தடவை போட்டால் இரண்டு அடி விழும். வழுக்குவதற்காக நைலோன் சொக்ஸ் போட்டு, தகட்டில் பவுடர் தூவினான். யாரும் சந்தேகப்படக் கூடாதென்று இடது காலுக்கும் சொக்ஸ் போட்டான். இடது முழங்காலைச் சும்மா ஆட்டினான். தப்பித் தவறி அந்தக் கால் மிதித்தாலும் கேட்கக் கூடாதென்று, இடது டிரம்மைத் திறந்து, மனைவி சவரியம்மா தைத்து வெட்டிப் போட்ட துணித் துண்டுகளை உள்ளே திணித்து மூடினான். மைக்கை வலது டிரம்முக்கு மட்டும் வைத்தான். கடைசியாக, பக்கத்தில் கையால் தட்டுகிற கொங்கா மேளம் வாசிக்கிற நோபர்ட் எட்டிப் பார்க்காமல் இருக்க இரண்டு பக்கமும் கறுப்புத் துணி கட்டினான். அந்தத் துணியையும் சவரியம்மாதான் தைத்துக் கொடுத்தாள். எதற்கு என்று அவள் கேட்டாள். காலில் காற்றுப் படக் கூடாது என்று சொல்லிவைத்தான்.

தன் வேலையை நோபர்ட் களவெடுக்கப் பார்க்கிறான் என்று ரபாயேல் கோஷ்டி முழுவதும் சொல்லித் திரிந்தான். உண்மையில் அவனுக்கு இருந்த பயம் வேறு. இடது டிரம் செத்த டிரம் என்று தெரிந்தால் போஸ்டர் பொய்யாகிவிடும். போஸ்டர் பொய்யானால் அந்த இருக்கையில் வேறு எவனாவது உட்காருவான். சயிக்கிள் கடையில் அவன் வெறும் பஞ்சர் ஒட்டுகிறவன். ஊர் அவனுக்குப் பெயர் வைத்தது அந்த இருக்கையில்தான்.

ஆட்களை நம்பாததற்கு அவனிடம் காரணமும் இருந்தது. எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரியப் போகிறது என்றதும், சாமான் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரன் வாங்கி வைத்தான். பத்திரமாக இருக்கும் என்றான். ஊர் அடங்கியதும் பெட்டி திரும்பி வந்தது. பூட்டுக்கூட அப்படியே இருந்தது. உள்ளே ஒரு ஸ்பேனர் இல்லை. அன்றிலிருந்து நல்லவனாகச் சிரிக்கிறவனைக் கண்டால் ரபாயேல் முதலில் தன் பையைத் தொட்டுப் பார்ப்பான்.

கண்டியில் குண்டு வெடித்த வருஷம் தம்புள்ளையில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். மரக்கறி வியாபாரம் செய்கிற பொன்னையா முதலாளியின் மகளுக்கு. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து லொறியில் ஏறி முன்னுக்கு வந்த மனுசன். இரட்டை டிரம் வேண்டும் என்று சொல்லித்தான் கூப்பிட்டார். காலையிலேயே சாலிஹ் நாநாவின் வேனில் கிளம்பினார்கள். டிரம் எல்லாம் வேன் கூரையில். பெடல் பை ரபாயேலின் மடியில்.

நாலந்தாவைத் தாண்டுமுன் ஆமிக்காரர்கள் வேனை மறித்தார்கள். அந்த வருஷம் அது புதினமில்லை. எல்லாரும் இறங்கி அடையாள அட்டையை நீட்டினார்கள். முஸ்லிமான சாலிஹைத் தவிர மற்ற எல்லாரும் தமிழர். பேண்ட் கோஷ்டி, கல்யாணத்துக்குப் போகிறோம் என்று கிறிஸ்தோபர் மாஸ்டர் சிங்களத்தில் சொன்னார். ஒருவன் சாக்குப் பையைத் திறந்து சங்கிலியையும் ஸ்பிரிங்கையும் பார்த்து நெற்றியைச் சுருக்கினான். ரபாயேல் தகட்டைக் கையால் அமத்திக் காட்டினான். சுத்தியல் ஆடியது. அது சரி என்று பையைத் திருப்பிக் கொடுத்தான்.

பிறகு டிரம்களை இறக்கச் சொன்னான். ஒன்றைத் தட்டினான். சத்தம் வந்தது. மற்றதைத் தட்டினான். தலையணையைத் தட்டின மாதிரி இருந்தது. தூக்கிப் பார்த்தான், கனத்தது. உள்ளே என்ன என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல சேர்" என்றான் ரபாயேல்.

அதைவிட மோசமான பதில் அந்த ரோட்டில் கிடையாது. திறக்கச் சொன்னான். திறந்தால் தோலின் இழுவை போய்விடும், தம்புள்ளையில் அடிக்க முடியாது, ஆகவே திறக்க ஏலாது என்று ரபாயேல் சொன்னான். கிறிஸ்தோபர் மாஸ்டர் அவனை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆமிக்காரன் திரும்பிக் கூப்பிட, மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சார்ஜன் எழும்பி வந்தான். இன்னும் இரண்டு பேர் துவக்கைத் தோளிலிருந்து கையில் எடுத்தார்கள். எல்லாரையும் ரோட்டோரம் வரிசையாக நிற்க வைத்தார்கள்.

சாலிஹ் நாநா உதட்டை அசைக்காமல் பேசினார். "ஓய் ரபாயேல், தொறந்து காட்டிடுங்க. இந்த வேன்தான் என்ட புள்ளையளுக்குச் சோறு."

ரபாயேல் துவக்கைப் பார்க்கவில்லை. வரிசையில் தனக்கு அடுத்து நின்ற நோபர்ட்டைப் பார்த்தான். நோபர்ட் டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றான். இவ்வளவு வருஷமாகத் துணியைக் கட்டி மறைத்ததை இவன் முன்னால் அவிழ்ப்பதா என்றுதான் ரபாயேலின் மனசில் ஓடியது. ஆமிக்காரன் இன்றைக்கு வருவான், நாளைக்குப் போவான். நோபர்ட் ஒவ்வொரு சனிக்கிழமையும் பக்கத்தில் உட்காருகிறவன்.

சார்ஜன் பேசிக்கொண்டிருக்கவில்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துத் தோலில் முனையை வைத்தான்.

"சாவியக் குடுண்ணே" என்றான் நோபர்ட். "தோலக் கிழிச்சிருவானுக."

"ஒனக்கு எதுக்குச் சாவி?"

"அப்ப நீயே தொற. யாரு வேணாங்கிறா."

ரபாயேல் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, குந்தியிருந்து, திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். வளையத்தைத் தூக்கினான். தோலை எடுத்தான். உள்ளே சவரியம்மாவின் துணி. சட்டைத் துண்டு, பாவாடைக் கரை, பள்ளிக்கூட வெள்ளைத் துணி, மாதா கோயிலில் முதல் நன்மை எடுக்கும் பிள்ளைக்குத் தைத்த சரிகையில் மிச்சம். ஒருவன் குச்சியால் கிளறி எல்லாவற்றையும் ரோட்டில் பரப்பினான். ஒரு ஊசிகூட இல்லை. காற்றுக்கு இரண்டொரு துண்டு பறந்துபோய் வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டது.

சார்ஜனுக்குக் கோபம் போய்ச் சந்தேகம் வந்தது. ஒன்றை வெறுமையாக விட்டு மற்றதை ஏன் அடைத்தாய் என்று கேட்டான். ரபாயேல் தோலில் ஒட்டிய புழுதியைத் துடைத்தான். நீ டிரம்காரன்தானா என்று கேட்டான். ஆம் என்றான். அப்படியானால் இரண்டையும் பூட்டு, அடித்துக் காட்டு என்றான் சார்ஜன். தான் பள்ளிக்கூட பேண்டில் இருந்தவன், தன்னை ஏமாற்ற முடியாது என்றும் சொன்னான்.

ரோட்டோரச் சரளைக் கல்லில் இரண்டு டிரம்மையும் வைத்தார்கள். ரபாயேல் தோலைத் திரும்பப் போட்டு முறுக்கினான். பெடலைப் பூட்டினான். சாலிஹ் நாநாவின் டயர் ஒன்றுதான் இருக்கை. கறுப்புத் துணி வேனுக்குள் கிடந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைப் போட்டான். சொக்ஸ் இருந்தது, பவுடர் இல்லை. என்றாலும் கால் வழுக்கியது. நடுப்பாதம், பெருவிரல், நடுப்பாதம், பெருவிரல். ரயில் பாலத்தில் ஏறியது. பின்னால் நின்ற கிறிஸ்தோபர் மாஸ்டர் குனிந்து காலைப் பார்த்தது ரபாயேலுக்குத் தெரிந்தது. நோபர்ட் பார்த்ததும் தெரிந்தது.

சார்ஜன் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு கத்தி முனையால் இடது டிரம்மைக் காட்டினான். அதையும்.

இப்போது அந்த டிரம்முக்குள் துணி இல்லை. ரபாயேல் மிதித்தான். பிந்தி விழுந்தது. திரும்ப மிதித்தான். வலது காலும் அதோடு சேர்ந்து குழம்பிப்போயிற்று. கல்லில் நடக்கத் தெரியாத மாடு மாதிரி சத்தம் வந்தது. சார்ஜன் மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அந்த ஆட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். வேனைத் திருப்பி முகாமுக்கு விடு என்று அர்த்தம்.

"சேர், நான் அடிக்கிறேன்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு நோபர்ட் வரிசையை விட்டு வந்தான். கையை மேலே தூக்கியபடியேதான் வந்தான். சார்ஜன் சரி என்றதும் டயரில் உட்கார்ந்தான். கை இரண்டையும் தொடையில் வைத்துக்கொண்டு, குதிகாலை மேலே தூக்கி, முன்பாதத்தால் இரண்டு தகட்டையும் தொட்டான். வலது, இடது, வலது, இடது. மெதுவாகத் தொடங்கி வேகம் பிடித்தான். இரண்டு டிரம்மும் பேசின. கால் மாறினது தெரியவில்லை, ஒரே ஓட்டம். போஸ்டரில் அடித்த சத்தம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிசமாக வந்தது. வந்தது வேறொருவன் காலிலிருந்து.

அப்படியானால் உங்களில் யார் டிரம்காரன் என்று சார்ஜன் கேட்டான்.

நோபர்ட் எழும்பிக் காற்சட்டையில் ஒட்டிய புழுதியைத் தட்டினான். "இவர் கைக்காரர் சேர். நான் கால்காரன். ரெண்டு பேரையும் கூட்டினா ஒரு ஆள் வரும்."

துவக்கோடு நின்றவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். சார்ஜனுக்கும் வாய் கோணியது. போங்கள் என்று கையை ஆட்டினான்.

நோபர்ட் ரோட்டில் கிடந்த துணித் துண்டுகளைப் பொறுக்கித் தன் தோள் துவாயில் கட்டிக்கொண்டு வேனில் ஏறினான். வேலிக் கம்பியில் மாட்டியதையும் விடவில்லை. ரபாயேல் அதற்கும் ஒரு காரணம் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

வேன் கிளம்பியது. முதலில் வாயைத் திறந்தது கிறிஸ்தோபர் மாஸ்டர். இந்தத் துணிக்காகவா எல்லாரையும் உள்ளே தள்ளப் பார்த்தாய் என்று சத்தம் போட்டார். ரபாயேல் பொறுத்துக்கொண்டான். இடது டிரம்மைப் பற்றி அவர் என்ன சொல்வாரோ என்று காத்துக்கொண்டிருந்தான். அவர் அதைப் பேசவே இல்லை. கடைசியில் அவனே கேட்டான்.

"சத்தம் வந்திச்சா இல்லையா" என்றார் மாஸ்டர். "எந்தக் கால்ல வந்திச்சின்னு எனக்கென்னத்துக்கு? நீ மூக்கால அடிச்சாலும் எனக்குச் சரிதான்."

ஆமிக்காரன் கத்தி வைத்தபோது வராத கோபம் அப்போது ரபாயேலுக்கு வந்தது. இவ்வளவு வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததற்கு இந்த மனுசன் கொடுத்த மதிப்பு இவ்வளவுதான். அவன் நோபர்ட் பக்கம் திரும்பினான்.

"எப்பருந்து பழகுற?"

"போஸ்டர் ஒட்டின வருசத்துலருந்து. மேசைக்கு அடியில ரெண்டு பலகைத் துண்டு போட்டு. சோறு திங்கிறப்பக்கூட. பொண்டாட்டி அஞ்சலா பலகையத் தூக்கி அடுப்புல போட்டா, நான் வேற பலகை வெட்டினேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? ஒன் எடத்தப் புடிக்கத்தான்."

வேனுக்குள் சாலிஹ் நாநா மட்டும் இருமினார்.

"அப்ப ஏன் புடிக்கல?"

"கால் ஓடுது. குச்சியக் கையில எடுத்தா கால் நின்னு போயிருது. கையக் கவனிச்சா கால் இல்ல, காலக் கவனிச்சா கை இல்ல. ஒருநாள் சரிவரும்னு பாத்துக்கிட்டிருந்தேன்." நோபர்ட் ஜன்னலுக்கு வெளியே துப்பினான். "நீ ஒத்தக் கால்ல அடிக்கிறேன்னு தெரிஞ்சிருந்தா நான் பொண்டாட்டிகிட்ட இவ்வளவு பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்."

ரபாயேல் பெடல் பையை மடியில் திருப்பி வைத்தான். உன் இடத்தைப் பிடிக்கத்தான் என்று முகத்துக்கு நேரே ஒருவன் சொன்னது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டுக்காரன் பெட்டியை வாங்கும்போது பத்திரமாக இருக்கும் என்றல்லவா சொன்னான். இவன் களவெடுக்க வந்தேன் என்கிறான். அப்படிச் சொல்கிறவனிடம் எதை ஒளிப்பது என்று ரபாயேலுக்குப் புரியவில்லை. தம்புள்ளை வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தான்.

கல்யாண மண்டபத்தில் மேடை சீமெந்துத் தரை. ரபாயேல் வலது டிரம்மை மட்டும் தூக்கி வைத்தான். இடது டிரம் வேனிலேயே இருக்கட்டும் என்றான். கொஞ்ச நேரத்தில் பொன்னையா முதலாளி புது வேட்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். சம்பந்தி வீட்டாரிடம் இரட்டை டிரம் என்று சொல்லியிருப்பதாகவும், ஒன்றைக் கண்டால் தன் மானம் போய்விடும் என்றும் சொன்னார். கிறிஸ்தோபர் மாஸ்டர் ரபாயேலைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது என்னவென்று ரபாயேலுக்கு விளங்கியது. இருக்கையை நோபர்ட்டிடம் கொடு என்று சொல்ல அவருக்கு விருப்பம். குச்சி பிடிக்கத் தெரியாதவனை உட்கார வைக்கப் பயம்.

ரபாயேல் வேனுக்குப் போனான். இடது டிரம்மைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். தன் இருக்கைக்கு முன்னால் அதை வைக்கவில்லை. கொங்காவுக்குக் கீழே, நோபர்ட்டின் கால் எட்டுகிற இடத்தில் வைத்தான். பெடலைப் பூட்டினான். சீமெந்தில் வழுக்காமல் இருக்க இரண்டு டிரம்மையும் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டினான்.

"கொங்காவ விடு, கால மட்டும் பாத்துக்க. நான் ரெண்டு ரெண்டா அடிப்பேன், நடுவுல நீ ஒண்ணு போடு. முந்தினா செருப்பால அடிப்பேன்" என்றான்.

"பிந்தினா?"

"பிந்துறது எப்பிடின்னு எனக்குத் தெரியும். அத நான் பாத்துக்கிறேன்."

வெறும் டிரம் மண்டபத்தில் அளவுக்கு மேல் அதிர்ந்தது. ரபாயேல் தோலைத் தளர்த்த, நோபர்ட் துவாயிலிருந்த துணித் துண்டுகளில் ஒரு பிடி உள்ளே போட்டான். ரபாயேல் தட்டிக் கேட்டு, இன்னும் கொஞ்சம் என்றான். இன்னொரு பிடி போட்டான். அது போதும் என்றான். திருகாணியைத் திரும்பப் பூட்டும்போது சாவியை நோபர்ட்டின் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு, சரியாகத் திருகுகிறானா என்று பக்கத்திலேயே நின்றான்.

முதல் பாட்டு நாசம். நோபர்ட் முந்திக்கொண்டே போனான். ரபாயேல் பாட்டுக்கு நடுவில் வாய்க்குள்ளே திட்டினான். தன் காலைத் தானே பார்த்துப் பழகியவனுக்கு அடுத்தவன் காலுக்காகக் காத்திருப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு படி இறங்குவது போலிருந்தது. இரண்டாவது பாட்டிலும் அப்படித்தான். அதற்குப் பிறகு ரபாயேல் பார்ப்பதை விட்டுவிட்டு, வழுக்கி அடித்துவிட்டு ஒரு இடம் விட்டான். அந்த இடத்தில் அடி விழுந்தது. திரும்ப விட்டான். திரும்ப விழுந்தது. விழும் என்று நினைத்து விட்டபோது இன்னும் சரியாக விழுந்தது. ஆட வைக்கிற பைலாப் பாட்டு வந்ததும் பொன்னையா முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சம்பந்தி வீட்டுக் கிழவர் ஒருவர் மேடை ஓரத்தில் வந்து நின்று, எந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறதென்று இரண்டு பேர் காலையும் மாறி மாறிப் பார்த்தார். கறுப்புத் துணி வேனுக்குள்ளேயே கிடந்தது. எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஆடப் போய்விட்டார்கள்.

கச்சேரி முடிந்தது. மற்றவர்கள் பந்திக்குப் போனார்கள். ரபாயேல் குந்தியிருந்து வலது பெடலைக் கழற்றினான், சங்கிலியைத் துடைத்தான், சாக்குப் பையில் போட்டுக் கட்டினான். இடது பெடல் டிரம்மிலேயே இருந்தது. நோபர்ட் அதைக் கழற்றிக் கொண்டுவந்து நீட்டினான்.

"வச்சுக்க" என்றான் ரபாயேல். "பலகையில பழகி என்ன கிடைக்கப் போகுது. சனிக்கிழமை கொண்டா."

நோபர்ட் அதைத் துவாயில் சுற்றிக்கொண்டான். பிறகு ஞாபகம் வந்தவன் போல, அந்த ஒற்றைக் கால் வழுக்கலை ஒரு தரம் மெதுவாகக் காட்டச் சொல்லிக் கேட்டான்.

"அது மட்டும் நடக்காது" என்று சொல்லிவிட்டு ரபாயேல் சாப்பிடப் போனான்.

சனிக்கிழமை வரை அவனால் பொறுக்க முடியவில்லை. புதன்கிழமை கடையைச் சாத்திவிட்டு, எண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு, நோபர்ட்டின் வீட்டுக்குச் சங்கிலியைப் பார்க்கப் போனான்.